இடக்கை முடிச்சு

என் தகரப் பெட்டியில் வெகுகாலம் ஒரு புல் முடிச்சு கிடந்தது. மலையில் முன்னால் போகிறவன், நிற்கும் புல்லையே ஒரு பிடி சேர்த்து முடிந்து, தான் போன பக்கம் சாய்த்துவைப்பான். பின்னால் வருகிறவன் அதை நம்பி நடப்பான். பட்டை வெட்டுகிற நாங்கள் மற்ற எதற்கு அடித்துக்கொண்டாலும் அதில் மட்டும் பொய் வைத்ததில்லை.

அதை முடிந்தவர் என் மச்சான், தங்கையின் புருஷன். ஆம்பூரில் எங்கள் தோல் ஷாப்புக்குப் பட்டை மேஸ்திரி தேவைப்பட்ட வருஷம் அது. ஜவ்வாது மலையைச் சுற்றிவந்து, தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கொன்றைப்பட்டையும் எங்கெங்கே தேறும் என்று முதலில் சொல்கிறவனுக்கே வேலை என்றுவிட்டார் முதலாளி சாயபு. சுமை தூக்கித் தோள் காய்த்துப்போன எனக்கு அந்த வேலை வேண்டும். மச்சானுக்கும் அப்படித்தான். சேர்ந்தே போய், சேர்ந்தே வந்து நிற்போம், முதலாளி யாரைக் கைகாட்டினாலும் சரி என்று பேசிக்கொண்டு ஆலங்காயம் பக்கமாக ஏறினோம்.

மூன்றாம் நாள் பாறைச் சரிவில் எனக்குக் கால் பிசகியது. "நீ மெதுவா வா மச்சான். நான் சுனையாண்ட குந்தினு இருக்கேன்" என்று அவர் முன்னால் போனார். வழி பிரிகிற இடத்தில் முடிச்சு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. யோசிக்கவேயில்லை, நடந்தேன். அந்த வழி உச்சிவெயிலில் ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில் போய் முடிந்தது. சுனையும் இல்லை, மச்சானும் இல்லை. நாக்கு வறண்டு, நொண்டிக்கொண்டே திரும்பிவந்து குனிந்து பார்த்தேன். இடக்கைக்காரரான அவர் போட்ட முடிச்சேதான். நிமிர்ந்துவிடாமல் மேலே கல்லும் வைத்திருந்தார். அறுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

ஊர் வந்து சேர இரண்டு நாள் பிந்திவிட்டது. மச்சான் மேஸ்திரியாகத் தராசுப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் ஓடிவந்து, "மாடு கீடு முடிச்ச சாச்சி வுட்டுச்சா இன்னா?" என்று கேட்டார். முடிச்சைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த தங்கை, வயிற்றில் பிள்ளையோடு பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். அதன்பின் இருபது வருஷம் அவர் தராசுக்கே பட்டை சுமந்தேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

மச்சான் செத்த மறுமாதம், பெட்டியில் எதையோ தேடப்போன தங்கை அதைக் கையில் எடுத்தாள். "இது அவரு முடிச்சாச்சே. இத்தினி வருசமா வெச்சினு இருந்தியா அண்ணா?" என்று கேட்டு அழுதாள். எடுத்துக்கொள் என்றேன்.

இப்போது அது அவள் வீட்டு மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணனுக்கு அவர்மேல் அத்தனை பாசம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். நான் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.