அமுக்கு டம்ளர்

மடக்குக் கப்பில் முதல்தடவை டீ வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். கண்ணாடி கிளாஸைப் பிடிப்பதுபோல நடுவில் இறுக்கிப் பிடிப்பார்கள். அது சிலிக்கோன் ரப்பரில் செய்தது, சூடுபட்டால் குழைந்துவிடும். இறுக்கினால் டீ மேலே எழும்பி மூக்கு நுனியைச் சுடும். மறையூரில் ஒரு கூடார முகாமில் சமையலையும் விருந்தாளிகளையும் பார்த்துக்கொள்பவள் நான். எத்தனையோ மூக்குகள் சுட்டதைப் பார்த்துவிட்டேன். மேல் விளிம்பில் கெட்டியாக ஒரு வளையம் இருக்கும், அதில்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் கையில் கொடுப்பேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு நடுவிலேயே பிடிப்பார்கள்.

அந்தக் கப்புக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. புதிதாக வாங்கினால் ரப்பர் வாடை வீசும். எலுமிச்சைத் தோல் போட்ட வெந்நீரில் ஒரு இரவு ஊறவைத்தால் பாதி போகும், மீதி பழகப் பழகப் போகும். சோப்போடு ஒரே பையில் வைத்தால் அடுத்த டீ குளியலறை மணக்கும். ஈரத்தோடு மடித்துவைத்தால் பூசணம் பிடிக்கும். ஆனால் அமுக்கினால் உளுந்து வடை கனத்துக்கு வந்துவிடும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறலாம், கீழே விழுந்தாலும் உடையாது. ஓடையில் முகந்து முகம் கழுவலாம், அதிலேயே கஞ்சியும் குடிக்கலாம். முகாமில் இதை நாங்கள் விருந்தாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்ததே பேப்பர் கப் பொறுக்கிப் பொறுக்கி என் இடுப்பு ஒடிந்ததால்தான்.

ஆனால் இந்தக் கப்பை முகாமுக்கு வந்த யாரையும்விட நன்றாகப் பயன்படுத்தியவர், கூடாரத்தில் ஒருநாள்கூடப் படுத்திராத என் மாமியார்தான். அத்தைக்குப் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர். தென்னந்தோப்பு, கறவை மாடுகள், கொஞ்சம் நெல். டீ என்றால் உயிர். மாடு கறந்ததும் ஒன்று, கறந்த பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து ஒன்று, பிறகு யாராவது வந்தால் அவர்களைச் சாக்கிட்டு ஒன்று. வெளியே போனால் பேப்பர் கப்பில் குடிக்க மாட்டார். மெழுகு நாறுகிறது, டீ பாதி இருக்கும்போதே அடி ஊறிவிடுகிறது என்பார். எங்கள் முகாமில் ஜீப் ஓட்டிய அவருடைய மகன், பச்சை நிறத்தில் ஒரு மடக்குக் கப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தை அதற்கு அமுக்கு டம்ளர் என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து பொள்ளாச்சிச் சந்தை, சித்தூர் தாலூக்கா ஆபீஸ், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி வராந்தா என்று அது போகாத இடமில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்கு அதை அமுக்கியும் விரித்தும் காட்டுவார். பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்களாம். மகனுக்கு அதில் கமிஷன் இருந்திருந்தால் நாங்கள் இந்நேரம் சொந்த ஜீப் வாங்கியிருப்போம்.

அந்த மகன்தான் பிறகு என் கணவரானார். சொல்வதற்கு ஒரு வரி. நடப்பதற்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அவர்கள் நிலம் வைத்திருப்பவர்கள். நான் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பா ஃபேக்டரியில் இருந்தார். ஜாதி வேறு. அவர்கள் எந்த ஜாதிக்காரர்களைத் தோப்பு வேலைக்குக் கூப்பிடுவார்களோ, அதே ஜாதிக்காரர்கள்தான் ஒரு காலத்தில் பிழைப்புத் தேடி எங்கள் மலைக்கு ஏறியவர்கள். அப்பா இளவட்டமாக இருந்தபோது சொந்த ஊர்த் திருவிழாவுக்கென்று ஒருமுறை கீழே இறங்கிப் போயிருக்கிறார். அங்கே டீக்கடையில் எங்கள் ஜாதிக்காரர்களுக்கென்று தனி டம்ளர்களை ஓர் ஆணியில் மாட்டிவைத்திருந்தார்களாம். எடுத்து, குடித்து, கழுவி, திரும்ப அதே ஆணியில் மாட்ட வேண்டும். அப்பா குடிக்காமலே பஸ் ஏறிவிட்டார். அதன்பிறகு அந்த ஊருக்குப் போகவே இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில்கூட ஆணியில் பாத்திரம் மாட்ட விடமாட்டார்.

என் கணவராகப்போகிறவர் தன் வீட்டில் மாதக்கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று. மாமாவால், அதாவது என் மாமனாரால், வர முடியவில்லை, மாட்டைப் பார்க்க ஆளில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய அண்ணன், அந்தக் குடும்பத்தில் கடைசிச் சொல் சொல்கிற பெரிய மாமா, வந்தார். பெரிய மாமா, அத்தை, ஜீப்பை ஓட்டிக்கொண்டு மாப்பிள்ளை, அவ்வளவுதான். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் வழியாக வந்து மறையூர் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. மூணாறில் மூட்டம். தேவிகுளம் வந்து இறங்கியபோது அத்தை சால்வைக்குள் கோழிக்குஞ்சாக நடுங்கிக்கொண்டிருந்தார். வெயில் ஊர்க்காரர், அந்தக் குளிரை அதுவரை பார்த்ததில்லை.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று, "வாங்க வாங்க" என்று கும்பிட்டார். அம்மா விடியற்காலையிலேயே ஃபேக்டரித் தூளில் நல்லதாகப் பார்த்து எடுத்துவைத்திருந்தாள். இஞ்சி தட்டிப் போட்டு, தண்ணீர் கலக்காத பாலில் டீ போட்டு, புதிதாக வாங்கிய எவர்சில்வர் டம்ளர்களில் நுரையோடு கொண்டுவந்தாள். பெரிய மாமா உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தார்.

"இருக்கட்டுங்க. எங்க பக்கம் கோயில்ல பூப்போட்டுப் பாக்காம பொண்ணு ஊட்டுல கை நனைக்கறதில்லீங்க."

அப்படியொரு வழக்கம் அவர்களிடம் இருப்பது உண்மைதான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொதிந்து சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்பந்தம் உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. அது தெரியும்வரை பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். சொந்த ஜாதிப் பெண் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். ஆனால் பெரிய மாமா அன்று அந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட விதம் எனக்கு வேறு மாதிரி பட்டது. கையில் குடை இருப்பவன் மழையைத் திட்ட வேண்டியதில்லையே.

அப்பா, "வழக்கம்னா சரிதான்" என்று மட்டும் சொன்னார். அம்மா தட்டைக் கீழே வைக்காமல் நின்றாள். டீயின் ஆவி நேராக அத்தையின் முகத்துக்குப் போனது. அத்தை டம்ளரைப் பார்த்தார், பெரிய மாமாவைப் பார்த்தார், மறுபடி டம்ளரைப் பார்த்தார். பிறகு சட்டென்று கைப்பையைத் திறந்து அந்தப் பச்சை வடையை எடுத்து டப்பென்று விரித்தார்.

"இது எங்க ஊட்டு டம்ளருங்க. எங்க ஊட்டு டம்ளர்ல குடிச்சா கை நனைச்ச கணக்குல வராதல்லங்க மாமா?" என்று பெரிய மாமாவைக் கேட்டுச் சிரித்தார். அம்மாவிடம், "ஊத்துங்க மதினி" என்று கப்பை நீட்டினார். அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் ஊற்றினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அவருக்கு அது ஒரு விளையாட்டு, வழக்கத்தில் ஓர் ஓட்டை. எங்களுக்கு அது என்ன என்று அவர் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டு டம்ளர் வேண்டாமென்று தன் டம்ளரைக் கொண்டுவந்து குடிக்கிறார். இதே மாதிரிக் கப்புகளை எத்தனை நூறு தடவை முகாமில் நான் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்! அது வெறும் கப் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எனக்கே அது அன்று வெறும் கப்பாகத் தெரியவில்லை. ஜீப் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பெரியவர் முன்னால் வாய் திறக்கவும் முடியவில்லை. என் கல்யாணம் அந்தப் பச்சைக் கப்போடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்பா நிதானமாகத்தான் பேசினார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"டம்ளர் நல்லாத்தான் இருக்கு. காலம் மாறிப்போச்சுல்ல? ஆணியில மாட்ட வேண்டியதில்ல, மடிச்சுப் பையில போட்டுக்கிடலாம்."

பெரிய மாமா கூரையைப் பார்த்தார். அத்தை கப்பை வாயிலிருந்து எடுத்தார். அந்த ஆணி எந்த ஆணி என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிழக்குப் பாலக்காட்டில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஆணிகளை டீக்கடைச் சுவர்களில் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அவருடைய கழுத்து, காது எல்லாம் சிவந்தது. கப்பைத் தரையில் வைத்தார். எழுந்து அம்மாவிடம் போய், தட்டிலிருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்தார். எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுபோல இல்லாமல், விளிம்பில் உதட்டை நன்றாகப் பதித்து, நின்றவாக்கிலேயே கடைசிச் சொட்டுவரை குடித்தார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"கை நனைச்சாச்சுங்க மாமா. இனிப் பூப்போடறதுக்கு ஒண்ணுமில்லீங்க. தேதி பாத்துச் சொல்லிப்போடுங்க."

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தாள். டீயை வீணாக்கினால் அவளுக்குப் பொறுக்காது. ஒவ்வொரு கொழுந்தும் அவள் முதுகு அறிந்தது. தரையில் இருந்த பச்சைக் கப்பை எடுத்து, அத்தை மிச்சம் வைத்திருந்ததைக் குடித்துவிட்டாள். குடித்துவிட்டு, "மதினி, டீ என்னமோ நம்ம டீதான். ஆனா ரப்பர் செருப்ப நனைச்சுக் குடிச்ச மாதிரில்ல இருக்கு!" என்றாள். முதலில் சிரித்தது அத்தைதான். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பெரிய மாமா வயிறு சரியில்லை என்று சொல்லிக் கடைசிவரை ஒன்றும் குடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் அவருக்கு இன்றுவரை வயிறு சரியில்லாமல்தான் இருக்கிறது. அது அவர் பாடு.

கல்யாணம் நடந்தது. இந்த வருடங்களில் எல்லாமே இனிப்பாக இருந்தது என்று சொல்லமாட்டேன். குழந்தை தங்காமல் இரண்டு தடவை போயிற்று. சின்னார் வளைவில் ஜீப் கவிழ்ந்து இவருக்குக் கால் முறிந்தது. கொரோனா வந்து முகாமைப் பூட்டிப்போட்டு, இரண்டு பேரும் கொழிஞ்சாம்பாறைக்குப் போய் மாட்டுச் சாணம் அள்ளினோம். ஒவ்வொரு தடவையும் அத்தைதான் என் பக்கத்தில் இருந்தார். உறவுக்காரப் பெண்கள் யாராவது, நேரம் பொருத்தம் எல்லாம் சரியாகப் பார்த்தீர்களா என்று இழுத்தால், "அதெல்லாம் பாத்துத்தான் பண்ணுனோம், நீ உன்ற சோலியப் பாரு" என்று வெடுக்கென்று வாயை அடைத்துவிடுவார். இப்போது எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். முகாம் நன்றாக நடக்கிறது. அத்தை மாதத்தில் பாதி நாள் எங்களோடு மறையூரில்தான்.

போன வாரம் காலையில் விருந்தாளிகள் எல்லோரும் மலை ஏறப் போனபிறகு, நானும் அத்தையும் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கீழே கரும்புத் தோட்டத்தில் வெல்லம் காய்ச்சுகிற மணம் ஏறி வந்துகொண்டிருந்தது. மகள் ஒரு கப்பை அமுக்குவதும் விரிப்பதுமாக விளையாடினாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை, சாதாரணமாக, பால் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

"அன்னிக்குத் திரும்பிப் போறப்ப ஊருக்குள்ள நொழையறதுக்கு முன்னாடி, சாமி கும்புட்டுட்டு நடந்து வர்றேன்னு ஜீப்ப உட்டு எறங்கி, நான் மட்டும் கோயிலுக்குப் போயிப் பூப்போட்டுப் பாத்தேன் கண்ணு. மனசு கேக்கல."

நான் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, "என்ன வந்துச்சு அத்தை?" என்றேன்.

"சிவப்பு."

அவரே தொடர்ந்தார். "என்ன பண்றது? சாமி, நான் அங்க போயிக் கை நனைச்சுட்டு வந்துட்டனுங்க, இனி என்ற கையில ஒண்ணுமில்லீங்க, நீங்கதான் பாத்துக்கோணும்னு சொல்லிப்போட்டு, அந்தப் பூவ என்ற தலையிலயே வெச்சுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன்."

மாமாவுக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவையும் நான் வெறும் வயிற்றோடு படுத்திருந்தபோது, இவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது, அத்தனை நாளும் அந்தச் சிவப்புப் பூ அத்தைக்குள் இருந்திருக்கிறது. ஒரு தடவைகூட அது அவர் கண் வழியாக என்னைப் பார்க்கவில்லை. பயந்திருக்கிறார், பயத்தை எனக்குப் பங்கு வைக்காமல் தனியாகவே வைத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பெற்றவள் என்மேல் எவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாளோ, அத்தை வைத்திருப்பது அதில் ஒரு பிடியும் குறைவில்லை.

"இத்தனை வருசம் கழிச்சு இப்ப எதுக்கு அத்தை சொல்றீங்க?"

"இனிச் சொன்னா நீ பயப்பட மாட்டே. சாமியும் சமாதானமாயிருச்சு, பாரு" என்று என் மகளைக் கண்ணால் காட்டினார்.

எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. மறைக்கவும் இல்லை. அத்தை பேத்தியின் கையிலிருந்த கப்பை வாங்கி விரித்து, விளிம்பு வளையத்தில் இரண்டு விரலைக் கொடுத்து என் முன்னால் நீட்டினார்.

"அழுகறத அப்புறமாட்டா அழுவு கண்ணு. டீ ஆறுது, ஊத்து."