ஆர்லிஸ் ஹோவ்லண்டுக்கு விழுந்த நான்கு ஓட்டுகள்

ஆர்லிஸ் இந்தத் தடவை பள்ளித் தேர்தலில் நிற்கப் போவதில்லையாம். என் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெண் சொன்னார். அவருக்கு அவருடைய நாத்தனார் சொன்னாராம். நாத்தனாருக்கு முடி வெட்டுகிற இடத்தில் யாரோ சொன்னார்களாம். யார் அந்த யாரோ என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படித் துருவிக் கேட்பது ஒருவருடைய சம்பளத்தைக் கேட்பதற்குச் சமம்.

நான் பயந்தேன். அது புதிதல்ல. வடக்கு டகோட்டாவுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அரசாங்க முத்திரையோடு தபால் வந்தால், கொடுத்த குடியுரிமையைத் திரும்பக் கேட்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டுதான் உறையைக் கிழிப்பேன். ஆனால் இந்த வதந்தியில் வேறொரு சிக்கல் இருந்தது. ஆர்லிஸ் எந்தத் தடவையும் நின்றதே இல்லை. நிற்காத ஒருவர் எப்படி நிற்காமல் போவார்?

எங்கள் ஊரான நார்ட்விக்கின் பள்ளிக்கு ஐந்து பேர் கொண்ட போர்டு உண்டு. பள்ளியை நடத்துவது அவர்கள்தான்: யாரை வேலைக்கு எடுப்பது, எந்தப் பேருந்து எந்தச் சாலையில் போவது, கொதிகலனை மாற்றுவதா இன்னொரு குளிர்காலம் ஓட்டுவதா, எல்லாம். ஜூன் மாதம் தேர்தல். உறுப்பினராக விரும்புகிறவர் பள்ளி அலுவலகத்தில் ஜெனெல் பிராட்டிடம் போய் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் ஓட்டுச்சீட்டில் அவர் பெயர் அச்சாகிவிடும். ஜெனெல்தான் பள்ளியின் கணக்கர், தேர்தல் அதிகாரி, காப்பி இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவர், எல்லாம்.

ஆனால் யாரும் போய்க் கையெழுத்துப் போடுவதில்லை. எனக்கு இது வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது, தேவாலயத்து விருந்தில் முதல் ஆளாகத் தட்டை நீட்டுவது மாதிரி. ஆகவே சீட்டில் பெயர் இருக்காது. வெறும் கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோட்டில் ஊர் சேர்ந்து ஆர்லிஸின் பெயரை எழுதும். மறுநாள் ஜெனெல் கூப்பிட்டுச் சொன்னால், "வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று ஆர்லிஸ் சலித்துக்கொள்வார். பிறகு வந்து உறுதிமொழி எடுப்பார். ஐந்து தேர்தல் இப்படித்தான் போயிற்று.

ஆர்லிஸுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கணவர் இறந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் கிழங்கின் அறுவடைக்கு மட்டும் இப்போதும் லாரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டு பேரும் வேறு நேர மண்டலத்தில். கையில் எப்போதும் ஒரு டார்ச் விளக்கு. போர்டு கூட்டம் முடிந்ததும் மற்றவர்கள் காப்பி குடிக்கும்போது, இவர் கழிவறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கூடைப்பந்து ஆட்டம் எதையும் விடுவதில்லை. தோற்கிற ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிடுவார். "நான் போர்டுல இருக்கிறதே ஹீட்டர் பக்கத்துல இருக்கிற நாற்காலிக்காகத்தான்" என்பார். "வீட்டுல கேஸ் செலவு மிச்சம்."

அந்த நாற்காலியை விட்டால் அவரிடம் எதையும் கேட்க ஆளில்லை என்பது ஊருக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால்தான் தேர்தல் வருகிற ஒவ்வொரு வசந்தத்திலும், "யாராவது சின்ன வயசுக்காரங்க வந்தா நல்லாயிருக்கும்" என்று தேவாலயத்தில் சொல்லிவைப்பார். அதற்கு, "அதெல்லாம் முடியாது ஆர்லிஸ், நீங்க இல்லாம எப்படி" என்று பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை. இந்த வருடம் அவர் அதைச் சொன்னபோது பக்கத்தில் நின்றது லைல் ரூஸ்டாட். சூரியகாந்தி பயிரிடுகிறவன், நல்ல மனிதன், கூச்சக்காரன். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டியிருக்கிறான்.

வதந்தி கிளம்பியது அங்கேதான். அதை ஊரில் மற்ற எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள். லைல் மட்டும் நம்பினான். இடம் காலியாகப் போகிறதே, பள்ளிக்கு ஆள் வேண்டுமே என்று இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்துவிட்டு, கடைசி நாளன்று ஜெனெலிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். தேர்தல் அதிகாரி யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. ஜெனெலால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: "நிச்சயமாத்தானா லைல்?" என்று கேட்டிருக்கிறார். அதை அவன் ஊக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

ஓட்டுச்சீட்டில் அச்சடித்த பெயர் ஒன்று வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் ஊருக்குக் கோபம் வரவில்லை. சங்கடம்தான் வந்தது. பாவம் லைல். எல்லோரும் ஆர்லிஸ் பெயரை எழுதப் போகிறோம். அவனுக்கு ஒரு ஓட்டுகூட விழாது. அது மாவட்ட வாரப் பத்திரிகையில் வேறு வரும். ரூஸ்டாட், பூஜ்யம். அவன் மனைவி அதைப் படிப்பாள். அவன் அம்மா அதை வெட்டி எடுத்து வைக்கவும் மாட்டாள், தூக்கிப் போடவும் மாட்டாள்.

தேர்தலன்று ஓட்டுப் போடப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். எங்கள் மாநிலத்தில் வாக்காளர் பட்டியலில் முன்கூட்டிப் பெயர் பதிகிற வழக்கமே கிடையாது. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். நான் வழக்கம்போலக் கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், மின்சார ரசீது மூன்றையும் கொண்டு போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி, போன மாதம் நான் யாருடைய மூட்டுவலிக்கு மாத்திரை கொடுத்தேனோ அவரேதான், "வேல், மின்சார பில்லை நான் கட்டணுமா?" என்று கேட்டார். என் பெயர் ஞானவேல். இங்கே எல்லோருக்கும் வேல்.

தடுப்புக்குப் பின்னால் பென்சிலோடு நின்றபோது எனக்கு ஒரு பெருந்தன்மை வந்தது. ஆர்லிஸுக்கு ஊரே இருக்கிறது. என் ஒரு ஓட்டினால் அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? லைலுக்கு ஒன்றாவது விழட்டும். அவன் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கினேன். வெளியே வந்து, ஓட்டுப் போட்டவர்களுக்கென்று வைத்திருந்த, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட இனிப்புத் துண்டுகள் இரண்டு சாப்பிட்டேன். இந்த நாட்டில் நான் செய்த மிக அழகான குடிமைச் செயல் இது என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். என் மனைவி அமுதாவிடம்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு அடக்கம்.

மறுநாள் காலை பள்ளிக் கண்ணாடிக் கதவில் ஜெனெல் ஒரு தாளை ஒட்டியிருந்தார். லைல் ரூஸ்டாட், நூற்று நாற்பத்தொன்று. எழுதப்பட்ட பெயர்களில் ஆர்லிஸ் ஹோவ்லண்ட், நான்கு.

ஜெனெல் மூன்று தடவை எண்ணியிருக்கிறார். நான்காவது தடவை எண்ண வேறொருவரைக் கூப்பிட்டிருக்கிறார். கதவின் முன்னால் ஒரு கூட்டம் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தாளைப் பார்த்தோம், பிறகு வானத்தைப் பார்த்தோம், மழை வருமா என்று யாரோ கேட்டார், வரலாம் என்று இன்னொருவர் சொன்னார், கலைந்தோம். அத்தனை பேருக்கும் அதே பெருந்தன்மை வந்திருக்கிறது.

வீட்டில் சொன்னபோது அமுதா கரண்டியை அப்படியே கீழே வைத்தாள்.

"நீங்களுமா அவனுக்குப் போட்டீங்க?"

"நீயுமா?"

"நீங்க ஆர்லிஸுக்குத்தானே போடுவீங்க, சரி, நான் இவனுக்குப் போடலாம்னு பார்த்தேன். நம்ம ஊர்ல ஒருத்தனைக் கவுக்கணும்னா காசு குடுத்து ஓட்டு வாங்குவான். இங்க பாவம் பார்த்தே கவுத்துட்டோம்."

அடுத்த இரண்டு வாரமும் நான் கடையில் கேட்டதெல்லாம் ஒரே கதை. மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி, அந்த நான்கில் ஒன்று தன்னுடையது என்றார்கள். நான் தலையாட்டினேன். என்னுடையதும் அதில் ஒன்று என்று யாரிடமும் சொல்லவில்லை. அது நேர்மையால் அல்ல, நான்கில் இனி இடமில்லை என்பதால்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆர்லிஸே வந்தார், இரத்த அழுத்த மாத்திரைக்கு. கையில் டார்ச் இல்லை. கவுண்டரில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு நாலு ஓட்டு விழுந்திருக்கு வேல். அதுல ஒண்ணு தன்னோடதுன்னு இதுவரைக்கும் முப்பத்தஞ்சு பேர் சொல்லிட்டாங்க. கணக்குல உங்க ஊர்க்காரங்க கெட்டிக்காரங்கன்னு சொல்வாங்களே, இது எப்படி வரும்?"

நான் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தப்பியது. மறுபடி தொடங்கினேன்.

"நீங்க மட்டும்தான் இன்னும் சொல்லல" என்றார்.

"ஆர்லிஸ், நான்..."

"வேண்டாம். சொல்லாதீங்க. முப்பத்தாறா ஆயிடும்." பிறகு சிரித்தார். "நான் யாருக்குப் போட்டேன்னு நினைக்கிறீங்க? லைலுக்குத்தான். அவனுக்கு ஒண்ணுகூட விழாதேன்னு பாவமா இருந்துச்சு. என்ன திமிர் பாருங்க எனக்கு. ஊரே என் பேரை எழுதும்னு அவ்வளவு நிச்சயம்."

மாத்திரைப் பையோடு போகும்போது, சாவி வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார். உடற்பயிற்சிக் கூடத்துச் சாவி. குளிர்காலத்தில் வயதானவர்கள் உள்ளே நடப்பதற்காக விடியற்காலையில் கதவைத் திறந்துவிடுவது அவர்தான். ஜெனெலிடம் கொடுத்துவிடச் சொன்னார். அந்தப் பக்கம் இனி தனக்கு வேலை இல்லை என்றார். அதைக் கழற்ற எவ்வளவு சிரமப்பட்டார் என்று அவர் நகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

சாவியைக் கொண்டு போனபோது அலுவலகத்தில் லைல் உட்கார்ந்திருந்தான். தேர்தலுக்குப் பிறகு அவன் இளைத்துவிட்டிருந்தான். தோற்றவனைத் தேற்ற எங்கள் ஊரில் ஆள் உண்டு, பதார்த்தமும் உண்டு. ஜெயித்தவனைத் தேற்ற யாருக்கும் தெரியவில்லை. அந்த நான்கில் உண்மையாகவே ஒன்று அவனுடையது. தன் பெயர் அச்சில் இருப்பதைப் பார்த்துக் கூசிப்போய், கீழே கோட்டில் ஆர்லிஸ் என்று எழுதியிருக்கிறான்.

ஜெனெல் வழியைச் சொன்னார். உறுதிமொழி எடுக்குமுன் லைல் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்போது இடம் காலியாகும். மீதி நான்கு உறுப்பினர்கள் ஒருவரை நியமிக்கலாம். யாரை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நியமிக்கப்படுகிறவர் முன்கூட்டியே சம்மதம் சொல்ல வேண்டும். ஜூலைக் கூட்டம் அன்றைக்கே, மாலை ஏழு மணிக்கு. ஆர்லிஸ் சரி என்றால் லைல் விலகுவான். மாட்டேன் என்றால், பள்ளிக்கு ஆள் வேண்டுமே, அவனே உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவான். போட்டுவிட்டால் மூன்று வருடத்துக்கு அந்த நாற்காலி அவனுடையது.

யார் கேட்பது? தான் கேட்கக்கூடாது, பிச்சை போட்ட மாதிரி ஆகிவிடும் என்றான் லைல். ஜெனெல் கேட்கக்கூடாது, அவர் அதிகாரி. போர்டில் இருக்கிற நான்கு பேரும் ஏற்கெனவே ஆர்லிஸிடம் போய், அந்த நான்கு ஓட்டும் தங்களுடையவைதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆக அவர்கள் வாயைத் திறக்கவே முடியாது.

"ஆர்லிஸ் பேரை எழுதின அந்த நாலு கையெழுத்தும் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமே ஜெனெல்" என்றேன்.

"நான் அதைப் பத்திப் பேசக்கூடாது" என்றார். சொல்லும்போது அந்த அறையில் லைலை மட்டும்தான் பார்த்தார்.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க கேளுங்க வேல்" என்றான் லைல். "நீங்க கேட்டா அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. உங்களுக்கு எங்க பழக்கம் தெரியாதுன்னு நினைச்சுக்குவாங்க."

"நான் இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன்."

"அதனாலதான் உங்களுக்கு அவங்க நம்பர் மனப்பாடம்" என்றார் ஜெனெல். தொலைபேசியை மேசையில் என் பக்கமாக நகர்த்தினார்.

நான் எதற்கும் உடனே துணிகிறவன் அல்ல. முதலில் வானிலை பற்றிக் கேட்பது, பிறகு தோட்டம், பிறகு மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வரிசை போட்டுக்கொண்டேன். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வரலாம். அவர் நடுவில், நீங்க யாருக்குப் போட்டீங்க என்று கேட்டால்? கேட்பார். கேட்காமல் விடமாட்டார். முப்பத்தாறாவது ஆளாக ஒரு பொய்யைச் சொன்னால், அவர் வேண்டாம் என்று சொல்ல அதுவே போதும். உண்மையைச் சொன்னால், ஒருவேளை சிரிப்பார். சிரித்துவிட்டு, சரி வேற ஆளே கிடைக்கலையா என்று சலித்துக்கொண்டால் பிழைத்தோம். வானிலையை விட்டுவிட்டு உண்மையையே முதலில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வாக்கியத்தைத் தமிழில் கட்டி, ஆங்கிலத்தில் மாற்றி, வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு மொழியிலும் அது அசடு வழிந்தது.

எண்ணை அழுத்தினேன். மணி ஆறே முக்கால். கூட்டத்துக்கு வருகிறவர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாகச் சரளைக்கல்லில் வந்து நின்றன. லைல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஆர்லிஸ் வீட்டில், ஆள் இல்லாதபோது அழைப்பைப் பதிவு செய்கிற இயந்திரம் கிடையாது. பெட்டியிடம் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வயது தாண்டிவிட்டது என்று வாங்கவே இல்லை. அவர் தோட்டத்தில் இருக்கலாம். சமையலறையில், தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நின்று, யார் இந்த நேரத்தில் என்று பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

"எடுத்தாங்களா?" என்று லைல் உதட்டசைவில் கேட்டான்.

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.