பிரேக் வாத்தியாரும் பச்சை டையும்

நடுரோட்டில் கார் குலுங்கி நிற்கிறது. ஓட்டிக்கொண்டிருந்த பல் டாக்டரம்மா, "ஐயோ, யார் மேலயாவது ஏத்திட்டேனா?" என்று ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். அவர் ஒரு பாவமும் செய்யவில்லை. பயிற்சிக் காரில் வாத்தியார் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, மிதிபட்டது அதுதான். மிதித்ததோடு சரி, ஆள் இருக்கையில் இல்லை. கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு நடைபாதையில் ஓடிக்கொண்டிருக்கிறார். பின்னால் ஹாரன்கள் காதைக் கிழிக்கின்றன. அவர் காதில் அதெல்லாம் விழுமா? சற்று முன் எதிரே வந்து கடந்துபோன ஒருவரின் கழுத்தில் கோடு போட்ட டை இருந்தது. போதாதா?

"சார், ஒரு நிமிஷம்! நீங்க எந்த வருஷம் சார்?"

பாங்குக்குப் போய்க்கொண்டிருந்த அந்த மனிதர், பாவம், மிரண்டுபோய்த் தாம் பிறந்த வருஷத்தைச் சொல்கிறார்.

வாத்தியார் டையைக் கிட்டத்தில் பார்க்கிறார். முகம் தொங்கிவிடுகிறது. "மன்னிச்சுக்குங்க. தூரத்துல பச்சையாத் தெரிஞ்சுது. இது நீலம்." திரும்பி வந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "ம், முதல் கியர் போடுங்கம்மா. கிளட்சை மெதுவா விடுங்க. ஏன் நடுரோட்டுல நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்கிறார்.

பிரேக் வாத்தியார் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. அவரிடம் படித்துத் தேறியவர்கள் பூகம்பத்திலும் வண்டியை நேராக ஓட்டுவார்கள் என்று பேச்சு.

கால் தரையில் பாவாத மனிதர். வீட்டில் சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் கம்பளத்தை மிதித்துக்கொண்டே இருக்கும். மனைவி கையில் சூடான பாத்திரத்தோடு திருப்பத்தில் வந்தால் ஒரு மிதி. தொலைக்காட்சியில் யாராவது கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லப்போனால் இரண்டு மிதி. அந்த இடத்தில் கம்பளம் தேய்ந்து, கீழே தரையும் தேய்ந்து, கீழ்வீட்டுக்காரர் மேலே அண்ணாந்து பார்த்தபடியே சாப்பிடுகிறாராம். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இந்த மனுஷன் ஒரே நாற்காலியில ஒரு டீயை முழுசாக் குடிச்சு நான் பார்த்ததில்ல. பாதி ஹால்ல, பாதி வாசல்ல" என்பார் மனைவி.

அப்படிப்பட்டவரிடம் அசையாமல் இருக்கிற பொருள் ஒன்றே ஒன்று: அலமாரிக்குள் தனிக் கொக்கியில் தொங்கும் டை. பாட்டில் பச்சை. அதில் சாய்வாக அரக்குச் சிவப்புப் பட்டை. பட்டையின் இரு ஓரத்திலும் நூல் பிடித்த மாதிரி சந்தன நிறக் கோடு. அவருடைய படைப்பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் உரியது. கோடு இடது தோளிலிருந்து, அதாவது நெஞ்சு துடிக்கிற பக்கத்திலிருந்து, வலப்பக்கம் இறங்க வேண்டும். கோடு போட்ட சட்டையோடு கட்டக்கூடாது, "ரெண்டும் சண்டை போட்டுக்கும்." கட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போகக்கூடாது. கடையில் வாங்கிப் பரிசாகத் தரக்கூடாது. அப்பனுடையதைப் பிள்ளை கட்டக்கூடாது. வேண்டுமானால் பட்டாளத்தில் சேர்ந்து சொந்தமாகச் சம்பாதித்துக்கொள்ளட்டும். மகள் சின்ன வகுப்பில் மாறுவேடப் போட்டிக்குக் கேட்டு அழுதபோதுகூடக் கொடுக்கவில்லை. ராத்திரி முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிவிட்டு, காலையில் தன் கைக்குட்டையில் சாயப்பென்சிலால் கோடு கிழித்துக் கட்டிவிட்டார். அந்தக் கோடும் இடமிருந்து வலமாகத்தான் இறங்கியது.

உரிமை இல்லாதவர் கட்டியிருந்தால் விடமாட்டார். கண்டுபிடிக்க ஒரு கேள்வி வைத்திருக்கிறார். "நம்ம மெஸ்ஸுல கடிகாரம் எந்தச் சுவர்ல இருந்துச்சு?" அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் கடிகாரமே கிடையாது. நேரம் பார்த்துச் சாப்பிடுகிறவன் சிப்பாய் இல்லை என்று எப்போதோ ஒரு பெரிய அதிகாரி கழற்றி எறிந்துவிட்டாராம். அங்கே தட்டேந்தியவர் கேள்வியைக் கேட்டதும் வெடித்துச் சிரிப்பார். மற்றவர் ஒரு சுவரைச் சொல்வார். சொன்னால் தீர்ந்தது. ஒருமுறை புதிதாகத் திறந்த ஓட்டலில் பரிமாறுகிறவர்கள் எல்லோர் கழுத்திலும் அதே பச்சை. முதலாளி எங்கோ மலிவாகத் துணி வாங்கித் தைத்திருக்கிறார். வாத்தியார் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி டைகளைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். சாப்பிட மறந்துபோயிற்று. வெளியே நின்றிருந்த மனைவிக்கும் அன்று பட்டினி.

இந்த மனிதருக்கு ஒரே மகள். கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிறாள். அங்கேயே கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பையனைக் கட்டிக்கொள்வதாக முடிவு செய்துவிட்டாள். பையனுக்கு அம்மா இல்லை. ரொட்டிக்கடை நடத்தும் அப்பாதான் வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் பிள்ளையும் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் பையன் அப்பாவின் படம் ஒன்று கைபேசியில் வந்தது. அவரே கையை நீட்டி எடுத்துக்கொண்ட படம். கழுத்தில் பச்சை டை.

வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். "டூப்ளிகேட்! கோடு தப்பான பக்கம் இறங்குது பாரு!"

"அப்பா, அவருக்குப் பின்னாடி கடைப் போர்டைப் படிங்க."

படித்தார். எழுத்தெல்லாம் இடவலம் மாறி நின்றன. கைபேசி கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டியிருக்கிறது. கோடு சரிதான், டை அசல்தான்.

"அவரும் உங்க பிரிவுதானாம்ப்பா. கொஞ்ச நாள் இருந்துட்டு அப்புறம் கடை போட்டாராம்."

"அப்படியா? எந்த வருஷமாம்?"

மகள் அவர் இரு கையையும் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் கேக்கக் கூடாது. வருஷம் கேக்கக் கூடாது. கடிகாரம் கேக்கவே கூடாது. நீங்க ஏதாவது கேட்டு, அவர் மனசு நொந்துட்டா, அந்தப் பையன் அப்பாவை மீறி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான். என் வாழ்க்கைப்பா."

"நான் எதுக்குக் கேக்கப் போறேன்? அசல் ஆளாவே இருப்பார்" என்றார் வாத்தியார். கால் மட்டும் கம்பளத்தை மிதித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் தன் டையை எடுக்கவில்லை. எடுத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று பயம். ரொட்டிக்கடைக்காரர் வந்தார். உருண்டையான, சிரித்த முகம், விரல் நகக்கண்ணில் மாவு, கழுத்தில் பச்சை. முடிச்சு கச்சிதம். வாத்தியார் அந்தக் கழுத்தைப் பார்க்காமலிருக்க ஜன்னலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், தண்ணீர் கொண்டுவர மூன்று முறை எழுந்தார்.

"உக்காருங்க சம்பந்தி, நீங்க நிக்கிறதைப் பார்த்தா எனக்கும் எந்திரிக்கணும் போல இருக்கு" என்றார் வந்தவர்.

"அவரு உக்காந்தாத்தான் நாங்க டாக்டரைக் கூப்பிடுவோம்" என்றார் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒரு நிமிஷம் பேச்சு ஓய்ந்தது. கரண்டிச் சத்தம் மட்டும். பேச்சு ஓய்ந்தால் வாத்தியாருக்கு ஆகாது. நாக்கு துறுதுறுத்தது. வாயை மூடுவதற்குள் அது வெளியே குதித்துவிட்டது.

"நம்ம மெஸ்ஸுல கடிகாரம் எந்தச் சுவர்ல இருந்துச்சு சம்பந்தி?"

மகளின் கை தட்டிலேயே நின்றது. ரொட்டிக்கடைக்காரர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், வைத்தார். வாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது, கண்தான் எங்கேயோ வழி தேடியது. பதில் வந்தது பையனிடமிருந்து.

"வாசலுக்கு நேர் எதிர்ச் சுவர் மாமா! பெரிய கடிகாரம், பெண்டுலம் ஆடும். அதுக்கு எண்ணெய் போடறது அப்பா வேலை. இல்லப்பா? சின்ன வயசுல தூங்க வைக்கும்போதெல்லாம் இந்தக் கதைதான் சொல்வீங்க."

பையன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்பனைப் பற்றிப் பெருமை பேச ஒரு இடம் கிடைத்த பிள்ளையின் முகம். மகள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. சும்மா பார்த்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவள். அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மேஜைக்கடியில் வாத்தியாரின் கால் ஓங்கி மிதித்தது. மேஜையே அதிர்ந்து குழம்பு தளும்பியது.

"ஆமா," என்றார். "அதே சுவர்தான். எப்பவும் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடும்."

"ஆமாமா! அஞ்சு நிமிஷம்!" என்று அவசரமாகப் பிடித்துக்கொண்டார் ரொட்டிக்கடைக்காரர்.

கை கழுவும் இடத்தில் இருவரும் தனியாக நின்றார்கள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ரொட்டிக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "கடிகாரம் இருந்துச்சா?"

"இல்ல."

அவர் கையை ரொம்ப நேரம் கழுவினார். "நான் அங்க ரொட்டி போட்டவன். சைக்கிள்ல கொண்டாந்து பின்கேட்டுல குடுத்துட்டுப் போயிடுவேன். உள்ள போனதே இல்ல. ஒரு ஆபீசர் மாத்தலாகிப் போறப்ப பழைய துணி மூட்டையைக் குடுத்துட்டுப் போனார். அதுல இது கிடந்துச்சு. பையனோட அம்மா போன புதுசு. பையன் ராத்திரியில ஒரே அழுகை. ஏதோ கதை சொல்லித் தூங்க வைக்கணுமே."

"அந்தக் கேட்டுல வர்ற ரொட்டிய நான் தின்னிருக்கேன்" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு அவருக்கே கோபம் வந்தது. இரண்டடி அங்கே, இரண்டடி இங்கே நடந்தார். "நல்ல ரொட்டிதான். அதுக்காக? அதைக் கழட்டுங்க சம்பந்தி. என்னால பார்த்துட்டு நிக்க முடியல."

"இப்பக் கழட்டினா அவன் ஏன்னு கேப்பானே?"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். திறந்திருந்த குழாயை மூடினார். மறுபடி திறந்தார்.

கூடத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தார். "எல்லாரும் வாங்க, ஒரு போட்டோ! இப்பவே உங்க பட்டாளத்து ஆளுங்க குரூப்புல போட்டுடறேன். சந்தோஷப்படுவாங்க."

வாத்தியார் ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடினார். அந்தக் குழுவில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் இவரைப் போலவே முகத்தைப் பார்க்கும் முன்பே கழுத்தைப் பார்க்கிற ஜாதி. யார் இது, எந்த வருஷம், எந்தக் கம்பெனிச் சிப்பாய் என்று சாயங்காலத்துக்குள் ஊரையே கூட்டிவிடுவார்கள். "அப்புறம் எடுக்கலாமே" என்றார். "அப்புறம் நீங்க எங்க நிப்பீங்க?" என்று மனைவி கைபேசியைத் தூக்கிவிட்டார். பிள்ளைகள் இருவரும் நடுவில் நின்றாயிற்று. ரொட்டிக்கடைக்காரர் பையன் பக்கத்தில் போய் நின்றார், கழுத்துப் பச்சை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய.

வாத்தியார் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஓரத்து மேஜையில் ரொட்டிக்கடைக்காரர் கொண்டுவந்த மூன்றடுக்கு கேக் இருந்தது. அதை அப்படியே தட்டோடு தூக்கிவந்து அவர் கையில் வைத்தார்.

"நீங்க செஞ்சது. நீங்கதான் பிடிக்கணும் சம்பந்தி."

அவர் வயிற்றுக்கு நேராகப் பிடித்தார்.

"மேல."

கொஞ்சம் உயர்த்தினார்.

"இன்னும் மேல."

"என்னங்க, அவர் முகம் மறையுது" என்றார் மனைவி.

"மறையாது, நீ எடு." வாத்தியார் பக்கத்தில் போய் ஒட்டி நின்றார். தட்டின் அடியில் தன் கையைக் கொடுத்து, கேக்கின் உச்சியில் இருந்த க்ரீம் பூ ரொட்டிக்கடைக்காரரின் தாடையைத் தொடும்வரை தூக்கினார். பச்சை ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை என்று குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கையை எடுக்காமல், அப்படியே தாங்கிப் பிடித்தபடி, காமிராவைப் பார்த்து அசையாமல் நின்றார்.