பைக் ஸ்டாண்டில் ஒரு கணவன்

சூளகிரி தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஓசூரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் முடிந்து ஆட்களை நிறுத்திவிட்டார்கள். பாதி தூரம் ஏற்றிவந்த லாரிக்காரருக்கு என் பேச்சு பிடிக்கவில்லை, இறக்கிவிட்டார்.

முன்னால் ஒரு அம்மாள் பஞ்சரான ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஹேண்டிலில் வெந்நீர்ப் பை தொங்கியது.

"தம்பி, சும்மாதான நடக்கற? இதத் தள்ளிக்கிட்டு நட."

தள்ளினேன். பிரசவத்துக்குப் போவதாகச் சொன்னார்.

"நர்ஸுங்களாக்கா?"

"இல்ல. டூலா."

நான் எட்டாவதோடு நின்றவன். அது ஒன்பதாவதில் வரும் சொல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஊசி போட மாட்டேன், புள்ளயப் புடிக்க மாட்டேன். வலி எடுக்கறவ பக்கத்துல இருப்பேன். முதுகத் தேச்சு விடுவேன். அவ பேசுனா கேப்பேன், திட்டுனாலும் கேப்பேன்."

"அதுக்கு ஆள் வெக்கிறாங்களா?"

"ஆள் இல்லாதவங்க வெக்கிறாங்க."

அன்றைக்கு அவரை வரச் சொன்னது அப்படியொரு பெண். அஞ்செட்டி மலைப் பக்கத்துக்காரி, பேசுவது கன்னடம். வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டதால் தாய் வீடும் இல்லை, மாமியார் வீடும் இல்லை. தலைப் பிரசவம்.

போய்ச் சேர்ந்த இடம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வாசல் பைக் ஸ்டாண்டில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன்தான் கணவன். அவர்கள் ஊரில் பெண்டாட்டிக்கு வலி எடுத்தால் புருஷன் வீட்டை விட்டு விலகி மாடுகளோடு போய் உட்கார வேண்டுமாம். இங்கே மாடு இல்லாததால் பைக் ஸ்டாண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

"இவன் பக்கத்துல உக்காரு. ஓடிடப் போறான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனார்.

உட்கார்ந்தேன். பீடி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் சத்தம் வரும்போதெல்லாம் அவன் யாருடைய பைக்கையோ பிடித்துக்கொண்டான்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மாள் வெளியே வந்தார்.

"எந்திரி. 'அவரெங்க, அவரெங்க'ன்னு என் கைய நெரிச்சு எடுக்கறா. போயிட்டயோன்னு பயப்படறா."

"ஆம்பள உள்ள வரக்கூடாதுங்கக்கா. எங்க ஊர்ல..."

"உங்க ஊர்க்காரங்க யாராச்சும் எட்டிப் பாத்தாங்களா? டாக்டரம்மாவ நான் கேட்டாச்சு, வரலாம்ன்னுட்டாங்க."

அவன் எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். ரோஜாப் பண்ணையில் வேலையாம். ஆவணி முகூர்த்தத்துக்கு விடிந்ததும் லோடு ஏற்ற வேண்டும். லீவு எடுப்பவன் தனக்குப் பதில் ஒரு ஆளை அனுப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆள் போகாவிட்டால் வேலையும் போய்விடும், அதோடு பண்ணைக்குள் குடியிருக்கும் அறையும் போய்விடும். குழந்தையை எங்கே கொண்டுபோவது என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

அம்மாள் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நாளைக்கு உனக்கு என்ன வேல?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ரோஜா வெட்டுவியா?"

"வெட்டுனதில்லீங்க."

"இவன் மட்டும் புள்ள பெத்திருக்கானா? போடா உள்ள."

போனான். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவன் மாதிரி குனிந்துகொண்டு போனான்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாள் டீ குடிக்க வந்தார். முதுகைத் தேய்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். "சப்பாத்தி மாவுன்னு நெனச்சுக்கிட்டான் போல, அந்த அமுக்கு அமுக்கறான். ஆனா அவ 'அவரெங்க'ன்னு கேக்கறத நிறுத்திட்டா." டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

விடியற்காலையில் பண்ணைக்குப் போனேன்.

"யாருய்யா நீ?" என்றார் மேஸ்திரி.

"அஞ்செட்டிக்காரருக்குப் பதில் ஆளுங்க. சம்சாரத்துக்கு வலி எடுத்திருக்கு."

"அவன் என்ன, பக்கத்துலயே இருக்கானா?"

"உள்ளதான் இருக்காருங்க."

மேஸ்திரி சிரித்தார். பிறகு கத்தரியைக் கையில் கொடுத்து, பசுமைக்குடிலுக்குள் அனுப்பினார். ஒரு வரிசை முடிவதற்குள் கையெல்லாம் முள். அப்போது அவர் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தார்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாம். அவன் அழுவறான், ஒண்ணும் புரியல" என்றார். நான் வெட்டிய பூக்களைப் பார்த்தார். "காம்ப இன்னும் கீழ வெட்டு. நாளைக்கும் நீதான் வரணுமாம்."