ராஜாவின் கண்ணைக் குத்தியது யார்?

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்கள் இலக்கியம் படிக்கிறார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது; நாங்கள் படிப்பது கைடு.

முதல் வருஷத்தில் 'பழைய மேல்நாட்டு இலக்கியம்' என்று ஒரு பேப்பர். கிரேக்க நாடகம், அவர்களுடைய புராணம், கிறிஸ்தவ வேதத்தில் சில அதிகாரங்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பேப்பரைத் தாண்டியவர்கள், தாண்டாதவர்கள், மூன்றாம் தடவையாக ஹால் டிக்கெட்டும் கையுமாக நிற்பவர்கள், எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அந்தக் கிரேக்கப் பெயர்களை இங்கே எழுதி உங்களை மறுபடியும் வதைக்க மாட்டேன்.

பூட்டிய பீரோ

பாடத்தில் முக்கியமானது ஒரு ராஜாவைப் பற்றிய நாடகம். தெரியாமல் அப்பனைக் கொன்று, தெரியாமல் தாயையே கல்யாணம் செய்து, கடைசியில் கண் இரண்டும் போய் ஊரை விட்டுப் போகிறவன். அந்த நாடகத்தின் ஒரே ஒரு பிரதி எங்கள் காலேஜ் லைப்ரரியில் இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள், வெளியே நின்று முதுகை மட்டும் பார்க்கிற மாதிரி.

சேர்ந்த முதல் வாரமே போய்க் கேட்டேன். ரெஃபரன்ஸ் புத்தகம், வீட்டுக்குத் தர முடியாது என்றார் லைப்ரரியன். இங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன் என்றேன். சாவி துறைத் தலைவரிடம் என்றார். அவரிடம் போனால், சாவி லைப்ரரியில்தான் இருக்கும் என்றார். நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள், புத்தகம் எதற்காகத்தான் வாங்கினீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டேன். லைப்ரரியன் கோபப்படவே இல்லை. கண்ணாடியை ஒற்றை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஆளாளுக்கு எடுத்துப் படிச்சுப்போட்டா புஸ்தகம் என்னத்துக்குங்க அம்மணி ஆகும்? அதுக்குத்தானே கைடு போட்டிருக்காங்க?"

அண்ணன் வைத்த கெடு

நான் கோயமுத்தூரிலேயே கணபதியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். அப்பாவுக்கு அங்கே லேத் பட்டறை. பக்கத்தில் உட்காருகிற பூங்கொடி ஹாஸ்டல். கொடுமுடிப் பக்கம், மஞ்சள் விவசாயம் செய்கிற குடும்பம். வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் கத்துவேன், அவள் யோசிப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவளுடைய அண்ணன் ஹாஸ்டலுக்கு வந்திருந்தார். ஈரோட்டு மண்டியில் மஞ்சள் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்தவர். வரன் வந்துகொண்டே இருக்கிறது, தங்கச்சிதான் படிக்கணும் என்கிறாள் என்றார். படித்தால் என்ன தப்பு என்று நான் ஆரம்பித்தேன். பூங்கொடி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவர் மரியாதை குறையாமல் சொன்னார்:

"படிக்க வேண்டாங்கலீங்க அம்மணி. எல்லாப் பேப்பரும் முதல் தடவையே பாஸாகோணும். ஒண்ணு உழுந்தாலும் பொட்டிய கட்டிர வேண்டியதுதானுங்க."

கூட்டம் பார்க்காத சாமிகள்

கிரேக்கச் சாமிகளின் வம்சாவளியை மனப்பாடம் செய்ய வேண்டும். எனக்கு அது தலையில் ஏறவே இல்லை. பூங்கொடி நோட்டில் கோடு போட்டு, யாருக்கு யார் மாமன், யார் பங்காளி என்று நம்ம ஊர் முறைப்படி எழுதி வந்தாள். பாதியில் பேனா நின்றுவிட்டது. பெரிய சாமி தன் கூடப்பிறந்தவளையே கட்டியிருந்தது. எங்கள் பக்கம் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுத்தாலே ஊர் கூடிவிடும்.

அவள் நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"ஏம்புள்ள, இதுங்க கல்யாணத்துக்கு எந்தக் கூட்டம்னு கேக்கறதுக்கு ஒரு பெரிய மனுசன்கூடவா வரல?"

அந்த வருஷம் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். (இந்தத் துணுக்கை அவள் பேச்சோடு நிறுத்தியிருக்க வேண்டும். மனசு வரவில்லை.)

வார்டன் கண்ட வேதம்

வேதப் பாடத்தில் எங்களுக்கு வந்தது, சொத்து, பிள்ளைகள், உடம்பு எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்து கடவுளோடு வழக்காடும் ஒரு மனிதனுடைய கதை. எனக்கு அவனை ரொம்பப் பிடித்தது. போத்தனூரிலிருந்து வரும் ஒரு வகுப்புத் தோழி தன் வீட்டு வேதப் புத்தகத்தைப் பூங்கொடிக்குக் கொடுத்தாள். மூன்றாம் நாள் வார்டன் அதைத் தலையணைக்கு அடியில் கண்டுபிடித்துவிட்டார்.

பாடத்தில் இருக்கிறது என்று சிலபஸைக் கொண்டுபோய் நீட்டினேன். வார்டன் அதை வாங்கக்கூட இல்லை. புத்தகத்தை ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"பாடத்துல என்ன எழவோ இருந்துட்டுப் போகட்டும். நாளைக்கு இவ மதம் மாறிப்போட்டான்னா, இவ அண்ணனுக்கு நீயா வந்து பதில் சொல்லுவே?"

உக்கடத்து பாய்

பீரோவும் பூட்டு, அலமாரியும் பூட்டு. உக்கடம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனோம். ஒரு பாய் கடையில், அட்டை கிழிந்து, ஈரம் பட்டு உப்பி, அந்த ராஜாவின் நாடகம் கிடந்தது. அங்கேயே நின்று கடைசிப் பத்துப் பக்கத்தைப் படித்தேன்.

கைடில் ராஜாவின் கண்ணை எதிரிகள் பிடுங்குகிறார்கள். அதனால் அவன் விதிக்குப் பலியான அப்பாவி என்று நான்கு பக்கம் விடை. நாடகத்தில் அப்படி ஒன்றுமே இல்லை! ராஜா தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான். யார் சொல்லியும் இல்லை, நானே செய்தேன் என்று சொல்லவும் செய்கிறான். கைடு எழுதிய புண்ணியவான் நாடகத்தைப் படிக்கவே இல்லை. கோயமுத்தூரில் எத்தனை வருஷமாக எத்தனை பேர் இதை எழுதியிருப்பார்கள் என்று நான் நடுக்கடையில் குதித்தேன். பாய் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"நீங்க கோவிச்சு என்ன பண்றதுங்கம்மா? பேப்பர் திருத்தற சாருங்களே நம்ம கடையில வந்து கைடுதானுங்க வாங்கிட்டுப் போறாங்க."

வகுப்பில் ஒரு வழக்கு

அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நின்றேன். கைடு தப்பு என்றேன். நாடகத்தில் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். கண்ணைப் பிடுங்கினது எதிரி என்றால் இது ஒரு கதை, தானே குத்திக்கொண்டான் என்றால் வேறு கதை, இரண்டில் எதற்கு மார்க் என்று கேட்டேன். வகுப்பே குனிந்து கைடைப் புரட்டியது. பூங்கொடி மட்டும் எனக்காகப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அதற்கு முன்னால் அவர் அதைப் படித்ததில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"நீ சொல்றதுதாம்மா சரி. உட்காரு. பரீட்சையில கைடுல இருக்கற மாதிரி எழுதிப்போடு."

பரீட்சை நாள்

காலையில் ஹாலுக்கு வெளியே பூங்கொடி கைடு விடையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கி மூடினேன். தெரிந்தே பொய் எழுதப் போகிறாயா, அப்புறம் எதற்கு இந்தப் படிப்பு, கோழைகளால்தான் அந்தக் கைடு ஓடுகிறது என்றெல்லாம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். மணி அடிக்கிறபோது அவள் சரி என்று தலையாட்டினாள்.

அந்தக் கேள்வியே வந்தது. இருபது மார்க். எதிர்பார்த்த கேள்விதான், ஆனால் பேனாவைத் திறந்ததும் சார் சொன்னது காதில் கேட்டது. எனக்குப் பெட்டி கட்டுகிற கெடு எதுவும் கிடையாது. விழுந்தால் அடுத்த தடவை எழுது என்று சொல்கிற அப்பா. எனக்கு வேண்டியிருந்தது முதல் வகுப்பு, அவ்வளவுதான். கைடு விடையை வரி மாறாமல் எழுதினேன். எதிரிகள் வந்தார்கள், கண்ணைப் பிடுங்கினார்கள், ராஜா அப்பாவி.

வெளியே வந்ததும் பூங்கொடி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிப்போட்டேன் புள்ள. அவனேதான் குத்திக்கிட்டான்னு நாலு பக்கம் எழுதிப்போட்டேன்."

நாலு மார்க்

எனக்கு அறுபத்தொன்று. பூங்கொடிக்கு நாற்பத்தாறு, பாஸுக்கு ஐம்பது. மற்ற பேப்பரிலெல்லாம் அவள் என்னைவிட மேலே.

நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு நான் ஹாஸ்டலுக்கு ஓடுவதற்குள், ரிசல்ட் நாள் என்று காலையிலேயே வந்திருந்த அண்ணன் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். மறு திருத்தத்துக்குப் போடலாம், நாலு மார்க் நிச்சயம் வரும், அவள் எழுதினதுதான் சரி என்று வாசலை மறித்துக்கொண்டு வாதாடினேன். அவர் கயிற்றை இறுக்கி முடிந்தார்.

"சரியா எழுதுனா எதுக்குங்க அம்மணி பெயிலாக்கறாங்க?"

உப்புச் சக்கரை

மறு திருத்த விண்ணப்பப் பாரத்தில் அவள் கையெழுத்து வேண்டும். பாரத்தை எடுத்துக்கொண்டு கொடுமுடிக்குப் போனேன். வாசலில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள்தான் பூங்கொடிக்கு உப்புச் சக்கரை மாற்றியிருந்தார்கள். எங்கள் பக்கம் அது மாற்றினால் கல்யாணப் பேச்சு முடிந்தது, யாரும் பின்வாங்குவதில்லை. அண்ணன் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார்.

பாரத்தைப் பூங்கொடி மடியில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல், என் மார்க் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். "அதையே எழுதின உனக்கு மட்டும் எப்படிடி போட்டான்?" என்றாள். பொய் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கைடில் இருந்ததை எழுதிவிட்டேன் என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பாரத்தை நாலாக மடித்து என் பையில் திரும்ப வைத்தாள். பிறகு, எதையோ எண்ணிப் பார்க்கிறவள் மாதிரி நிமிர்ந்து கேட்டாள்:

"அப்ப நம்ம காலேஜிலயே சரியா எழுதினவ நா ஒருத்திதானா புள்ள?"

பழைய மேல்நாட்டு இலக்கியத்தில் நான் முதல் வகுப்பு என்று மார்க் ஷீட் சொல்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் வாதாடுகிற நான், அதோடு மட்டும் வாதாடாமல் வாங்கிக்கொண்டேன்.