பாலம் மூடிய அன்று வந்த குரு

எங்கள் வீட்டு வாசல் அலமாரியில் ஒரு சோடி கறுப்புக் கம்பளிக் கையுறைகள் கிடக்கின்றன. போன மாரியில், ஹோர்சன்ஸ் ஆஸ்பத்திரியில் அப்பாவின் அறை ஹீட்டரில் காயப்போட்டுவிட்டு, அவற்றின் சொந்தக்காரர் எடுக்காமலே போய்விட்டார்.

அவரை நான் அண்ணை என்பேன். அப்பாவுக்கு அவர் 'ஓடிப்போன சாமி'. மட்டக்களப்பில் அவர் கத்தோலிக்கக் குருப்பட்டம் பெற்ற அன்று, எண்ணெய் பூசிய அந்த உள்ளங்கைகளை வரிசையில் நின்று முத்தமிட்டவர்தான் அப்பா. பிறகு அண்ணை குருப்பணியை விட்டுக் கலியாணம் செய்து, இங்கே டேனிஷ்காரரின் நாட்டுக்கு வந்து, அப்பா வேலைசெய்த அதே இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தார். இருபது வருடம் அப்பா அவருக்குக் கைகூடக் கொடுக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர், நான் சொல்லியா கேட்பார்?

புயலடித்த அந்த நாளில், அப்பா பொழுது சாயும்வரைகூடத் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா கேட்டது ஒன்றுதான். "பாவசங்கீர்த்தனம் செய்யவேணும் பிள்ளை. சுவாமியைக் கூப்பிடு." தமிழ்ச் சுவாமியோ கோப்பன்ஹேகனில். புயலுக்கு இடையிலுள்ள கடற்பாலத்தை மூடிவிட்டார்கள். டேனிஷ் பாதரிடம் பாவத்தைச் சொல்ல அப்பா தொழிற்சாலையில் பழகிய டேனிஷ் மொழி காணாது. தொலைபேசியில் நான் அழுததைக் கேட்ட சுவாமி சொன்னார்: "உங்கட ஊரிலேயே ஒரு குரு இருக்கிறார் எல்லோ. சாகக் கிடக்கிற ஆளுக்கு அவர் மன்னிப்புக் குடுக்கலாம். பணி போனாலும் பட்டம் அழியாது மகள்."

அண்ணையை அழைத்தேன். "அப்பா சம்மதிச்சவரோ?" என்றார். ஓம் என்று பொய் சொன்னேன்.

பஸ் ஓடவில்லை. சைக்கிளில் நனைந்து வந்து கையுறையைக் கழற்றினார். அப்பா அவரைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நீயெல்லாம் ஒரு குருவோ?" அவருடைய மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டுகொண்டிருந்தது.

"நான் நல்ல குரு இல்லை ஐயா. குறையில்லாத குரு, சாவில்லாத குரு கிறிஸ்து ஒருத்தர்தான். மன்னிக்கிறதும் அவர்தான். நான் கையை மட்டும் குடுக்கிறன்."

பழைய ஏற்பாட்டுக் குருக்கள் முதலில் தங்கள் பாவத்துக்கே பலி கொடுக்கவேண்டியிருந்தது, ஒருவர் செத்தால் இன்னொருவர் வந்தார், கிறிஸ்து ஒரே தரம் தம்மையே பலியாக்கி என்றைக்கும் குருவாக நிற்கிறார் என்று மறைக்கல்வியில் பாடமாக்கியிருக்கிறேன். அதனால் குருமார் அப்பழுக்கில்லாமல் இருக்கவேண்டும் என்றே அப்பாவும் நானும் எடுத்துக்கொண்டோம். கிறிஸ்துவின் குருத்துவம் நிறைவானது என்பதால்தான் இப்படி ஓட்டை விழுந்த மனிதரும் அதில் பங்குபெற முடிகிறது என்று அந்த அறையில்தான் விளங்கியது. ஆனால் அது அப்பாவுக்கு விளங்க நேரம் இருக்கிறதா என்று பயந்து செத்தேன்.

"கதவைச் சாத்து பிள்ளை," என்றார் அப்பா, திரும்பாமலே.

கதவுக்கு வெளியே நடைபாதையில் செபமாலையைக்கூட ஒழுங்காக உருட்ட முடியாமல் நின்றேன். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கதவு திறந்தபோது அப்பா இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அண்ணையின் கத்தித் தழும்பு விழுந்த அந்த உள்ளங்கையைத் தன் உதட்டோடு வைத்திருந்தார்.

இருட்டுமுன் அப்பா போய்விட்டார். மறுநாள் பாலத்தைத் திறந்தார்கள். சுவாமி வந்து அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுத்தபோது அண்ணை வழக்கம்போலக் கோவிலின் கடைசி வாங்கில் இருந்தார். பூசை முடிந்ததும் கையுறைகளை நீட்டி, "அப்பா சம்மதிச்சதெண்டு பொய் சொன்னனான் அண்ணை," என்றேன்.

"தெரியும். அவர் சம்மதிச்சிருந்தா உன்ர குரல் அப்பிடி நடுங்காது."

"தெரிஞ்சுமோ வந்தனீங்கள்?"

அண்ணை தன் வலது உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தார். கையுறைகளை வாங்கவில்லை.