கோழிக்கடைக்காரர் வீட்டுக் குருவிகள்

சின்னாளபட்டியில் பானுப்ரியா குருவி வளர்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஆசை இல்லை, கண் டாக்டர். இதைச் சொன்னால் தெருவில் ஒருத்தரும் நம்புவதில்லை. "மக வேலைக்குப் போயிருச்சுல்ல, வீடு வெறிச்சுன்னு கெடக்கு, அதான் குருவிய வாங்கி வச்சிருக்கா" என்று அவர்களே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். மகள் தீபா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெண் வீட்டில் இருந்த காலத்திலும் போனைப் பார்த்துக்கொண்டு மூலையில்தான் கிடந்தாள். அவள் போனதால் வீட்டில் சத்தம் ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

பானுப்ரியாவின் வேலை சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது. துணியில் கடுகளவு இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். சாயத்தில் முக்கும்போது இறுக்கின இடத்தில் சாயம் ஏறாது. பிறகு முடிச்சை எடுத்தால் அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சித்தையன்கோட்டையில் வயலும் வரப்புமாக வளர்ந்தவள், கல்யாணமாகி இங்கே வந்துதான் இதைப் பழகினாள். பழகினவள் சும்மா பழகவில்லை. வரிசையில் ஒரு முடிச்சு விட்டுப்போனாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். சேலை கொடுக்கும் முதலாளி மற்றவர்கள் வேலையை எண்ணிப் பார்ப்பார், இவள் வேலையை அப்படியே மடித்து வைப்பார்.

நாற்பதைத் தாண்டியதும் கண் மங்க ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலி. திண்டுக்கல்லில் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, "கிட்டத்துலயே பாத்துக்கிட்டு இருக்காதீங்கம்மா. அப்பப்பத் தலைய நிமித்தி, செத்த நேரம் தூரத்துல எதையாச்சும் பாருங்க" என்றார். அவர் சொல்லிவிட்டார். இவள் உட்காரும் இடத்தில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அதில் என்றைக்கோ நடந்த தேர்தலுக்கு வரைந்த சின்னம் பாதி அழிந்து கிடக்கிறது. அதை ஒரு மனுஷி எத்தனை தடவைதான் பார்ப்பாள்?

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில்தான் பக்ருதீன் கடை இருந்தது. மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ், முயல் என்று எல்லாம் வைத்திருந்தார். அதற்குள்ளிருந்து சின்னப் பிள்ளைகள் ரப்பர் பொம்மையை அமுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தாள். கடைசிக் கூண்டில் கட்டைவிரல் நீளத்துக்குச் சிட்டுகள், சிவப்பு மூக்கோடு, ஓரிடத்தில் நில்லாமல் இந்தக் குச்சிக்கும் அந்தக் குச்சிக்கும் பறந்தன. பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு, அன்றைக்குத் தலைவலி வரவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"ஜீப்ரா பிஞ்சஸ்க்கா இது" என்றார் பக்ருதீன். "கன்னத்துல ஆரஞ்சுத் திட்டு இருக்குறது ஆணு. ஒத்தையா வாங்காதீங்க, ஏங்கிப்போகும். கூண்டு ஒசரமா இருந்து பிரயோசனம் இல்ல, நீளமா வேணும். இது மேல ஏறுற சாதி இல்ல, குறுக்கப் பறக்குற சாதி. தினையப் போடுங்க, தண்ணிய நெதம் மாத்துங்க. கடல் நுரை, அதான் கணவாய் ஓடு, ஒரு துண்டு கட்டி விடுங்க, முட்ட ஓடு அதுலதான் கெட்டிப்படும். காத்து மூஞ்சில அடிக்கிற எடமும் வேணாம், அடுப்படியும் வேணாம்."

"கையில புடிக்கலாமா?"

"இது கையில புடிக்கிற குருவி இல்லக்கா. பாக்குற குருவி."

"எனக்குப் பாக்கத்தான் வேணும்" என்றாள் பானுப்ரியா.

ஆண் ஒன்று, பெட்டை ஒன்று, கூண்டோடு வாங்கிக்கொண்டாள். வீட்டில் ஈஸ்வரனிடம் என்ன சொல்வது என்பதுதான் வழியெல்லாம் யோசனை. ஈஸ்வரன் அவள் கணவர். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பிராய்லர் கடை வைத்திருக்கிறார். தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளை கோழி வெட்டப் போய்விட்டான் என்று ஒரு காலத்தில் சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்க வேண்டும், அதே மூக்கெல்லாம் அவர் கடையில் வரிசையில் நிற்கும், லெக் பீஸ் ஒன்று கூடுதலாகப் போடச் சொல்லி. கடையிலிருந்து வந்தால் பின்பக்கக் குழாயில் குளித்து, நகத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்த வழக்கம் தப்பியதில்லை.

அன்றைக்கும் குளித்துவிட்டு, துண்டோடு உள்ளே வந்தவர் கூண்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பகலெல்லாம் பறவையோட மல்லுக்கட்டிட்டு வாரேன். வீட்டுலயுமா?"

"அது கோழி. இது குருவி."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். தலை இருக்கு, கழுத்து இருக்கு."

"டாக்டரு சொன்னாருங்க."

"குருவி வாங்கவா சொன்னாரு?" என்றவர், கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சரி, வச்சுக்க. ஆனா ஒண்ணு. இந்த வீட்டுக்குள்ள ஒரு பறவை சாகக்கூடாது. நான் சாவு பாக்குறதெல்லாம் கடையோட போகட்டும். ஒண்ணு செத்துச்சு, மறுநாளே கூண்டத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன். சொல்லிட்டேன்."

பானுப்ரியா சிரிக்கப் போனாள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சொன்னால் சொன்னதுதான் அந்த மனிதருக்கு. தீபா ஆசைப்பட்டு வாங்கிய ஸ்கூட்டியிலிருந்து ஒரே ஒரு தடவை விழுந்தாள், முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மறுநாளே வண்டியை விற்றுவிட்டு வந்து நின்றார். அழுது புரண்டும் நடக்கவில்லை.

ஆனாலும் குருவிகள் வந்த பிறகு அவளுக்கு வாழ்க்கையே கொஞ்சம் லேசாகிவிட்டது. ஒரு வரிசை முடிச்சு, ஒரு தடவை தலையை நிமிர்த்தி ஒரு பார்வை. ஆண் குருவி மார்பை நிமிர்த்திக்கொண்டு பாட்டுப் பாடும், பெட்டை கண்டுகொள்ளாமல் தினையைக் கொறிக்கும். "பாவம், செத்தத் திரும்பித்தான் பாரேன்டி" என்று இவள் அதனிடம் சிபாரிசு பண்ணுவாள். சேலை எடுத்தால் விசேஷத்துக்கு, பாத்திரம் வாங்கினால் வீட்டுக்கு. தனக்கே தனக்கு என்று அவள் வாங்கியது இந்தக் கூண்டு ஒன்றுதான். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சிபாரிசு பலித்ததோ என்னவோ, ஆவணிக் கடைசியில் இரண்டும் ஜோடி சேர்ந்தன. மண் கலயம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். கூடு கட்டத் தேங்காய் நார் போடச் சொல்லியிருந்தார் பக்ருதீன். நாரைக் கையில் எடுத்துப் பார்த்தாள், குத்தியது. இதிலா அந்தப் பிஞ்சுக் குஞ்சு படுக்கும்? சாயம் போட்டு வந்த சேலையைப் பிரித்தபோது விழுந்த முடிச்சு நூல் மூலையில் குவியலாகக் கிடந்தது. பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. ஒரு கை அள்ளிக் கூண்டுக்குள் போட்டாள். குருவிகள் போட்டி போட்டுக்கொண்டு இழுத்துப்போயின. 'சின்னாளபட்டிக் குருவிக்கு நூல்தான் சரி, பக்ருதீனுக்கு என்ன தெரியும்' என்று பெருமை வேறு.

முட்டை வைத்தது. புரட்டாசியும் பிறந்தது. புரட்டாசி வந்தால் பாதி ஊர் சைவமாகிவிடும், கோழிக்கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஈஸ்வரன் மத்தியானமே வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, கூண்டுக்கு நேராகப் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். ஏன் அங்கே என்று கேட்டால், "ஃபேன் காத்து இங்கதான் வருது" என்பார். அந்த ஃபேன் பதினைந்து வருஷமாக அங்கேதான் சுற்றுகிறது.

அப்படியொரு சனிக்கிழமை, பானுப்ரியா ஒரு வரிசை முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். பெட்டைக் குருவி கலயத்தின் வாயிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கால் மேலே நீண்டிருந்தது. ஆண் குருவி கத்திக்கொண்டு கூண்டு முழுக்க அடித்துக்கொண்டது. ஓடிப்போய்க் கையை விட்டாள். இவள் கை பட்டதும் அது துடித்தது, துடிக்கத் துடிக்க நூல் இறுகியது.

"என்னங்க! இங்க வாங்களேன்! அய்யோ, சாகப்போகுதுங்க!"

ஈஸ்வரன் எழுந்து வந்த வேகத்தில் பாய் சுருண்டு காலோடு வந்தது. "நீ கைய எடு" என்றார். அந்தப் பெரிய கை கூண்டுக்குள் போனது. குருவியின் முதுகு உள்ளங்கையில் பட, கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வர, சிறகு இரண்டும் தானாக மடங்கின. அது துடிப்பதை நிறுத்திவிட்டது. கலயத்தோடு ஒட்டியிருந்த நூலைப் பானுப்ரியா பிளேடால் அறுத்தாள்.

"இறுக்கிராதீங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா? நெஞ்ச அமுக்குனா மூச்சு நின்னுரும், அது தெரியும். கால அவுரு."

காலில் நூல் சுற்றிச் சுற்றி இறுகி, கணுவுக்குக் கீழே ஊதாவாக வீங்கியிருந்தது. அவள் பார்த்தவுடன் தெரிந்துகொண்டாள், இது தான் போட்ட நூல்தான். முடிச்சில் கிடந்து பழகிய நூல், அவிழ்த்துப் போட்டாலும் மறுபடி சுருளத்தான் பார்க்கும். இது கூடவா எனக்கு உறைக்கவில்லை என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பிளேடு உள்ளே போகாது, கத்தரி நுனியும் போகாது. சேலையில் என்றால் இரண்டு பக்கமும் பிடித்து ஒரே இழுப்பு, முடிச்செல்லாம் படபடவென்று தெறித்து விழும். இதை இழுத்தால் காலே கையோடு வந்துவிடும்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிள்ளுகிற நகத்தால் நூல் நுனியைத் தேடினாள். கிடைத்தது, வழுக்கியது, மறுபடி கிடைத்தது.

"ஆடாம இருங்க."

"நான் ஆடல. அது நெஞ்சு ஆடுது."

ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். வாழ்நாளில் சுற்றியே பழகிய விரல், அன்றைக்குத் திருப்பிச் சுற்றியது. ஈஸ்வரனின் நெற்றி வேர்வை அவள் கையில் சொட்டியது. கடைசிச் சுற்று வந்ததும் அவர் கூண்டுக்குள் கையை வைத்து விரலைத் திறந்தார். குருவி உடனே போகவில்லை. அந்த உள்ளங்கையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒற்றைக் காலால் தத்திக் குச்சிக்குப் போனது.

பக்ருதீனுக்குப் போன் போட்டாள். "நூலா! எக்கா, நூலு அதுக்குத் தூக்குக் கயிறுக்கா!" என்று கத்தினார். "இப்பக் கூட்டப் பிரிச்சா முட்டைய விட்டுரும். பெட்ட வெளிய வர்றப்ப, நீட்டிக்கிட்டு இருக்குற நூல மட்டும் வெட்டி விடுங்க." அன்று சாயங்காலம் ஈஸ்வரன் கடை திறக்கவில்லை. பெட்டை திரும்பவும் கலயத்துக்குள் போகிற வரைக்கும் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். "சாகல. அதனால கூண்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பெட்டையின் ஒரு விரல் கருத்து உதிர்ந்தது, கால் தேறிவிட்டது. முட்டையும் பொரித்தது. தாயும் தகப்பனும் கீழே இறங்கின சமயம் பார்த்து, பானுப்ரியா போன் வெளிச்சத்தில் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நாலு குஞ்சு. மயிர் முளைக்காத தலையைத் தூக்கி, நாலு வாயைத் திறந்தன. "நாலுங்க!" என்று வீடியோவை நீட்டினாள். ஈஸ்வரன் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். "நாலு வாய்க்கும் தினை எவன் கொண்டாறது" என்று சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பு வாயளவில்தான்.

மறுநாள் விடிந்து அவள் எழுந்தபோது, அவர் வாசலில் கடைக்குக் கிளம்பி நின்றார். வழக்கமாக இந்நேரம் போயிருப்பார். கூண்டருகே போய்க் கலயத்துக்குள் பார்த்தாள். மூன்று வாய்தான் திறந்தன. மறுபடி பார்த்தாள். மூன்றுதான். கூண்டின் அடித்தட்டு துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"என்னங்க... நேத்து நாலு இருந்துச்சே."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ சரியா எண்ணல. மூணுதான் இருந்துச்சு."

"வீடியோவுலயே..."

"அதான் சொல்றேன்ல. மூணுதான். எனக்குத் தெரியும்."

பத்தாயிரம் முடிச்சை விரலால் எண்ணுகிறவளுக்கு நாலு வாயை எண்ணத் தெரியவில்லையாம். இந்தத் தெருவில் வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். அவள் பார்வை கதவு வழியே பின்பக்கம் போனது. கறிவேப்பிலைச் செடிக்கடியில் மண் புதிதாகக் கிளறி, தட்டி, தண்ணீர் தெளித்திருந்தது. திரும்பி அவர் கையைப் பார்த்தாள். பிரஷ் போட்டு நகம் தேய்க்கிற அந்தக் கையில், நகம் பூராவும் ஈர மண்.

சொன்னால் சொன்னதுதான் என்கிற மனிதர், கூண்டைத் தூக்கிப் போட மனசு வராமல் விடியலில் ஒற்றை ஆளாகக் குழி தோண்டியிருக்கிறார்.

"ஆமாங்க" என்றாள். "மூணுதான். நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கையக் கழுவிட்டுப் போங்க."

அவர் கையை நீட்டினார், அவள் ஊற்றினாள். மண் கரைந்து ஓடியது.

"இந்த மூணும் பொழச்சுக்கிருமா?" என்று கேட்டார்.

"பொழச்சுக்கிரும்."

"வரும்போது தேங்கா நாரு வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.